கிருமி கொண்டு வரும் தபால்

காலை 5.40-க்கு போன் அடித்தால் எங்கள் குடும்பத்தில் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, யாரோ போய்விட்டார்கள். இரண்டு, பெரியப்பா.

அன்றைக்குப் பெரியப்பா.

"டேய், எழுந்துட்டியா?"

"இப்பத்தான் பெரியப்பா. உங்க தயவுல."

"நல்லது. ஃபிக்ஸட் டெபாசிட்டை மெச்சூரிட்டிக்கு முன்னாடி உடைச்சா எவ்வளவு கழிப்பான்?"

பி.காம். படித்தவனுக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் இருக்கும் மரியாதை இவ்வளவுதான். டாக்டரைப் பார்த்தால் நாக்கை நீட்டுவார்கள். என்னைப் பார்த்தால் பாஸ்புக்கை நீட்டுவார்கள்.

"ஒரு பர்சென்ட் வரைக்கும் கழிப்பாங்க. இப்ப எதுக்கு உடைக்கணும்?"

"ஊசி போட்டுக்கணும். வைரஸ் ஊசி. 1,80,000."

தூக்கம் போய்விட்டது.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வயசு 74. திருச்சி ஆர்.எம்.எஸ்ஸில் 34 வருஷம் சார்ட்டர். ஓடுகிற ரயிலில், ராத்திரி பூரா நின்றுகொண்டே, ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரித்துப் போட்டவர். இன்றைக்கும் மனிதர்களைப் பெயரால் நினைவு வைத்துக்கொள்ள மாட்டார். "அந்த 614001 பையன் வந்திருந்தான்" என்பார். மன்னார்குடி மாப்பிள்ளை என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ப்ராஸ்டேட் கேன்சர் என்று தெரிந்தது. ரேடியேஷன் ஆயிற்று. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஹார்மோன் ஊசி. பி.எஸ்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனை எண் அடங்கிக் கிடக்கிறது. "கட்டுப்பாட்டில் இருக்கு" என்கிறார் டாக்டர். "குணமாயிடுச்சு" என்று சொல்ல மாட்டேன் என்கிறார். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது பாருங்கள், அதில்தான் வாட்ஸ்அப் நுழைந்தது.

'பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்! ஒரே ஊசியில் கேன்சர் காலி! பக்கவிளைவு இல்லை! பத்துப் பேருக்கு அனுப்பவும்!' கீழே ஒரு போன் நம்பர். பெரியப்பா பத்துப் பேருக்கு அனுப்பியதோடு நிற்காமல், அந்த நம்பருக்கும் பேசிவிட்டார். அங்கே இருந்த ஆள், ஹார்மோன் ஊசியை உடனே நிறுத்தினால்தான் இந்த ஊசி வேலை செய்யும் என்று சொல்லியிருக்கிறான். அடுத்த ஹார்மோன் ஊசிக்கு 11 நாள் இருந்தது.

"பெரியப்பா, எனக்குப் பத்து நாள் டைம் கொடுங்க. வட்டி எவ்வளவு நஷ்டம்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றேன். வட்டிக் கணக்கு பத்து நிமிஷ வேலை என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் "சரி" என்றார்.

* * *

முதல் இரண்டு நாள், இது சுத்தப் புளுகு என்று நிரூபிப்பதற்காகத்தான் படித்தேன். மைக்ரோபயாலஜி படித்த நண்பன் ஒருவனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய், "பாக்டீரியாவைத் தின்னும் வைரஸாமே, எவனோ கதை விடறான்" என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"கதை இல்லைடா. இப்ப நீ கையை வெச்சிருக்கிற இந்த பெஞ்சு மேலயே கோடிக்கணக்குல இருக்கும்."

கையை எடுத்துக்கொண்டேன். (எடுத்து சட்டையில் துடைத்ததில் என்ன லாபம்? சட்டையிலும் இருக்கும்.)

இதற்குப் பெயர் பாக்டீரியோஃபேஜ். செல்லமாக ஃபேஜ். உலகத்தில் மொத்தம் எத்தனை இருக்கும் என்று ஒரு மதிப்பீடு போட்டிருக்கிறார்கள்: 1 போட்டுப் பின்னால் 31 சைபர். இந்த எண்ணுக்கு நாங்கள் படித்த அக்கவுன்டன்ஸியில் காலம் கிடையாது. இவை பாக்டீரியாவை மட்டும்தான் பிடிக்கும். நம் உடம்பு செல்களை ஏறிட்டும் பார்க்காது. அதிலும் ஒரு ஃபேஜுக்கு ஒரு குறிப்பிட்ட வகை பாக்டீரியாதான். டி4 என்று ஒன்று. கால், தலை, வால் எல்லாம் வைத்து நிலவில் இறங்கும் கலம் மாதிரியே இருக்கும். இது ஈ.கோலை பாக்டீரியாவின் மேல் உட்கார்ந்து, தன் டி.என்.ஏ.வை உள்ளே இறக்கும். அரை மணி நேரத்தில் உள்ளே நூறு குட்டிக்கு மேல் தயார். பாக்டீரியா வெடிக்கும். குட்டிகள் அடுத்த வீட்டுக்குப் போகும்.

கதையின் தொடக்கத்தில் நம் ஊர் கங்கை இருக்கிறது. 1896-ல் ஆக்ராவில் இருந்த எர்னஸ்ட் ஹான்கின் என்கிற ஆங்கிலேயர், கங்கை யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி செத்துப் போகிறது என்று எழுதினார். அதே தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது. தண்ணீருக்குள் ஃபேஜ் இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் ஊகித்தார்கள். 1915-ல் லண்டனில் ட்வார்ட், 1917-ல் பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஃபெலிக்ஸ் டெரெல் ஆகிய இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். பெயர் வைத்தது டெரெல். சீதபேதிக் குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால், தானே குடித்துப் பார்த்த ஆசாமி.

அப்புறம் 1952. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஆல்ஃப்ரெட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும், ஃபேஜ் தன் சமாசாரத்தை எதில் எழுதி உள்ளே அனுப்புகிறது, புரோட்டீனிலா, டி.என்.ஏ.விலா என்று கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். புரோட்டீனுக்கு ஒரு கதிரியக்க அடையாளம், டி.என்.ஏ.வுக்கு வேறொன்று. பாக்டீரியா மேல் ஃபேஜ் உட்கார்ந்ததும், அவ்வளவையும் சமையலறை மிக்ஸியில் ஊற்றி ஒரு சுற்று விட்டார்கள்! வெளியில் ஒட்டிக்கொண்டிருந்த கூடு தனியாகக் கழன்றது. உள்ளே போயிருந்தது டி.என்.ஏ. பரம்பரைச் சொத்து டி.என்.ஏ.வில்தான் இருக்கிறது என்பதற்கு பெரிய சாட்சி ஒரு மிக்ஸி. ஹெர்ஷிக்கு 1969-ல் நோபல் பரிசு. மார்த்தா சேஸுக்கு இல்லை. மிக்ஸியை யார் ஓட்டினாலும் பேர் என்னவோ வீட்டு எஜமானருக்குத்தான் போகிறது.

* * *

ஐந்தாவது நாள் எனக்கு பயம் வந்துவிட்டது. காரணம், அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் புளுகு இல்லை. பாதி நிஜம்! முழுப் பொய்யை பெரியப்பாவிடம் உடைப்பது சுலபம். பாதி நிஜத்தை எப்படி உடைப்பது?

வெள்ளிக்கிழமை ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

பெரியப்பா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டெபாசிட் ரசீது, பிளாஸ்டிக் கவரில். பெரியம்மா காபி கொடுத்துவிட்டு, "நீயாவது சொல்லுடா" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"வைரஸ்னா ஜுரம் வருமேடா?"

"இது வராது பெரியப்பா. இதுக்கு நம்ம உடம்புல வேலையே இல்லை. 1970-களிலேயே அமெரிக்காவில், நோய் எதிர்ப்பு சக்தி சரியா இருக்கான்னு பார்க்கறதுக்கு ஒரு வகை ஃபேஜை ரத்தத்துல ஏத்திப் பார்த்திருக்காங்க."

"ஒரு பீட்டை விட்டு அடுத்த பீட்டுக்குப் போகாத போஸ்ட்மேன்."

"அதேதான். அந்த போஸ்ட்மேன் கையில நம்ம தபாலைக் கொடுத்து விடறாங்க. அதுதான் இந்த வைத்தியம்."

பெரியப்பா ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். தபால் என்ற வார்த்தைக்கு அவரிடம் எப்போதும் மதிப்பு உண்டு.

1985-ல் அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஸ்மித் ஒரு வேலை செய்தார். நூல் மாதிரி நீளமான ஒரு ஃபேஜின் ஜீனில், வேறொரு புரோட்டீனுக்கான துண்டைச் செருகினார். அந்த ஃபேஜ் பெருகியபோது, அதன் மேல்கூட்டில் அந்தப் புரோட்டீன் துண்டு வெளியே தெரிகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கவர் மேல் நாம் சொன்ன ஸ்டாம்ப்பை ஃபேஜே அச்சடித்து ஒட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். எம்13 என்கிற நூல் ஃபேஜின் உடம்பு பூரா ஒரே புரோட்டீன் சுமார் 2,700 தரம் அடுக்கியிருக்கிறது. டி4-ன் தலையில் சுமார் ஆயிரம் ஸ்டாம்ப் ஒட்ட இடம் உண்டு. கேன்சர் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரோட்டீன் துண்டை அங்கே ஒட்டினால்?

"எதுக்கு ஒட்டணும்? கேன்சர் செல்லே உடம்புக்குள்ளதானே இருக்கு. நேராவே பார்த்துக்கலாமே?"

நல்ல கேள்வி. நான் டீக்கடையில் கேட்டதைவிட நல்ல கேள்வி.

"பெரியப்பா, கேன்சர் செல் வெளியூர் ஆள் இல்லை. நம்ம வீட்டுப் பையன், கெட்டுப் போனவன். ரேஷன் கார்டுல பேர் இருக்கு. போலீஸ் வந்தா கார்டைக் காட்டறான், விட்டுடறாங்க."

"ஹூம்" என்றார். நோய் வந்ததிலிருந்து அதைத் திருட்டுப் பயல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுப் பையன் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆனால் அதே பையனுடைய போட்டோவை ஒரு கிருமி தன் முதுகில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு ஊர்வலம் வந்தால் போலீஸ் சும்மா இருக்காது. ஒரே உருவம் வரிசையாக, சீரான இடைவெளியில் அடுக்கியிருந்தால் அது கிருமி என்பது நம் எதிர்ப்புச் சக்தியின் பழைய அனுபவம். அது மட்டுமில்லை. ஃபேஜின் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. பாக்டீரியா பாணியில் எழுதப்பட்டது. அதைப் படித்ததுமே உடம்புக்குள் அபாய மணி அடிக்கிறது. டென்ட்ரைட்டிக் செல் என்று ஒரு வகைக் காவல் செல் ஃபேஜை விழுங்கி, துண்டு போட்டு, போட்டோவை ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் காட்டுகிறது. தயாரிப்புச் செலவும் குறைவு. பாக்டீரியாவைக் குடுவையில் வளர்த்து ஃபேஜை விட்டால், அதுவே பெருகிக்கொள்ளும்.

"பிரமாதம்டா!" என்று பெரியப்பா ரசீதை எடுத்தார்.

"இருங்க. டெலிவரி ஆச்சான்னு பார்க்க வேண்டாமா?"

* * *

டெலிவரி விவரம் இதுதான். பெரியப்பாவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எலிக்கு நன்றாக ஆகியிருக்கிறது. இரானில் மஷ்ஹத் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், மார்பகக் கேன்சர் சம்பந்தப்பட்ட ஹெர்2 புரோட்டீனின் ஒரு துண்டை லாம்டா என்கிற ஃபேஜின் மேல் ஒட்டி எலிகளுக்குப் போட்டார்கள். கட்டி வராமலும் தடுத்தது, வந்த கட்டியையும் மட்டுப்படுத்தியது.

மனிதர்களுக்கு? ஜெர்மனியில் மல்டிபிள் மைலோமா என்கிற எலும்பு மஜ்ஜைக் கேன்சர்காரர்கள் 15 பேருக்கு, அவரவர் கேன்சர் செல் தயாரிக்கும் ஆன்டிபாடியையே ஃபேஜில் ஒட்டி, தோலில் ஆறு ஊசி போட்டுப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வெளியாயிற்று. பெரிய கெடுதல் இல்லை. சிலருக்கு எதிர்ப்பு உண்டாயிற்று. பதினைந்து பேரை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது.

பெரியப்பா கேஸுக்கு ரொம்பப் பக்கத்தில் ஒன்று வந்தது. சிகிச்சைக்கு அப்புறமும் பி.எஸ்.ஏ. மட்டும் ஏறிக்கொண்டிருந்த ப்ராஸ்டேட் நோயாளிகளுக்கு அமெரிக்காவில் ஒரு லாம்டா ஃபேஜ் தடுப்பூசி. முதல் கட்டத்தில் பத்திரமாக இருந்தது. ஆன்டிபாடியும் வந்தது. அப்புறம் தலை, கழுத்துக் கேன்சருக்கு வேறொரு மருந்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அந்த கம்பெனி இதை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேறு மருந்துக்குப் போய்விட்டது.

"ஏன்டா? நல்லாத்தானே போயிட்டிருந்தது?"

"ஆன்டிபாடி வர்றது வேற, கட்டி கரையறது வேற பெரியப்பா. கட்டி சும்மா இருக்காது. வாசல் வரைக்கும் வந்த போலீஸைத் திருப்பி அனுப்ப அதுகிட்ட ஒரு ஸ்விட்ச் இருக்கு."

"புரியறது. போஸ்ட்மேன் வந்துட்டான், தபால் சரி, அட்ரஸ் சரி. உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுண்டிருக்கான். டோர் லாக்டுன்னு எழுதித் திரும்ப எடுத்துண்டு வரணும்."

நான் மூன்று நாள் படித்ததை ஒரு சார்ட்டர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கும் மருந்துகள்தான் செக்பாயின்ட் மருந்துகள். அதற்கு வழி காட்டிய ஆலிஸன், ஹோஞ்ஜோ இருவருக்கும் 2018-ல் மருத்துவ நோபல். வேடிக்கை என்னவென்றால், ஃபேஜில் ஸ்டாம்ப் ஒட்டிய ஸ்மித்துக்கும் அதே 2018-ல்தான் வேதியியல் நோபல். தபால்காரரும் தாழ்ப்பாள்காரரும் ஒரே டிசம்பரில் ஸ்டாக்ஹோம் மேடையில்! இப்போது இரண்டையும் சேர்த்துத்தான் முயற்சி நடக்கிறது. க்யூபீட்டா என்கிற ஃபேஜின் வெறும் கூட்டுக்குள் அபாய மணி டி.என்.ஏ.வை அடைத்து, மெலனோமா என்கிற தோல் கேன்சர்க் கட்டியிலேயே குத்தி, கூடவே தாழ்ப்பாள் மருந்தும் கொடுத்தார்கள். தாழ்ப்பாள் மருந்துக்கு மட்டும் மசியாத சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஊசி குத்தாத கட்டியும் சேர்ந்து சுருங்கியது. இது 2021-ல் வெளியான செய்தி.

தொல்லைகளும் இருக்கின்றன. ஈ.கோலையில் வளர்ப்பதால் அதன் மேலுறை நஞ்சு ஒட்டிக்கொண்டு வரும். சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் ஜுரம் தூக்கிப் போடும். உடம்பு கேன்சரை விட்டுவிட்டு போஸ்ட்மேன் மேலேயே கோபப்பட்டு, அடுத்த தரம் வரும்போது வழியிலேயே பிடித்துவிடலாம்.

"ஆக, இன்னிக்குக் கடையில கிடைக்காதுங்கறே."

"உலகத்துல எந்த மருந்துக் கடையிலயும் ஃபேஜ் கேன்சர் தடுப்பூசி கிடையாது பெரியப்பா. ப்ராஸ்டேட்டுக்குன்னு வேற ஒரு தடுப்பூசி 2010-ல் அமெரிக்காவுல வந்தது. இது ஃபேஜ் இல்லை, நோயாளியோட சொந்த செல்லை எடுத்துப் பழக்கித் திருப்பி ஏத்தறது. அப்பவே 93,000 டாலர். சராசரியா நாலு மாசம் ஆயுசு கூடிச்சு."

பெரியப்பா மனசுக்குள் கணக்குப் போட்டார். "மாசத்துக்கு 23,000 டாலரா... பென்ஷன் பத்தாது" என்றார்.

(இடையில் ஒரு வார்த்தை. கேன்சர் வராமல் தடுக்கும் ஊசிகள் கடையில் இருக்கின்றன. மஞ்சள் காமாலை பி ஊசி ஈரல் கேன்சரைத் தடுக்கும். ஹெச்.பி.வி. ஊசி கர்ப்பப்பை வாய்க் கேன்சரைத் தடுக்கும். 2023-ல் புனே சீரம் இன்ஸ்டிட்யூட் நம் நாட்டிலேயே தயாரித்து விற்க ஆரம்பித்தது. ஹெச்.பி.வி. ஊசியும் உள்ளே ஒன்றுமில்லாத வைரஸ் கூடுதான். வீட்டில் தங்கை, பெண் குழந்தை இருப்பவர்கள் டாக்டரிடம் கேளுங்கள்.)

* * *

பெரியப்பா இன்னும் முழுசாக மசியவில்லை. "அந்த ஆள் பரிசோதனை முறையில கொடுக்கறோம்னு சொன்னானே?"

அவர் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டு அந்த நம்பருக்குப் பேசினேன். இந்தியாவில் மனிதர்களிடம் மருந்துப் பரிசோதனை நடத்துகிறவர்கள் சி.டி.ஆர்.ஐ. என்கிற மத்திய பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். 2009-லிருந்து கட்டாயம். இன்டர்நெட்டில் யாரும் பார்க்கலாம். பரிசோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை.

"சார், உங்க சி.டி.ஆர்.ஐ. நம்பர் சொல்ல முடியுமா?"

"எதுக்கு சார்? எங்களுக்கு ஜி.எஸ்.டி. நம்பரே இருக்கு!"

"அதையாவது சொல்லுங்க."

சொன்னான். கம்பீரமாகச் சொன்னான். டாக்டருக்குப் படித்தவர் யாராவது கேட்டிருந்தால் அத்தோடு வைத்திருப்பார். பி.காம். ஆயிற்றே. ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலி மொத்த வியாபாரம்.

போனை அப்படியே பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்து இன்னொரு தரம் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், ஜெயித்த சந்தோஷம் எனக்குக் காணாமல் போய்விட்டது. ஏமாறாமல் தப்பித்தவர் முகம் மாதிரி இல்லை அது. வர வேண்டிய மணியார்டர் வராதவர் முகம்.

"ஊசி நிறுத்தச் சொன்னானேடா, பாவி" என்றார் மெதுவாக.

"செவ்வாய்க்கிழமைதானே டேட்? நானே இருந்து கூட்டிட்டுப் போறேன்."

செவ்வாய்க்கிழமை போனோம். பழைய ஹார்மோன் ஊசி. வாசலில் ஒன்றரை மணி நேரம், உள்ளே ரெண்டு நிமிஷம். பெரியப்பா டாக்டரிடம், "சார், ஃபேஜ் வைத்தியம் நம்ம பக்கம் வந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "இதெல்லாம் யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்றார். "என் தம்பி பையன். பி.காம்." என்றார் பெரியப்பா. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

டெபாசிட் உடையவில்லை. வருகிற வழியில், வந்த வட்டியில் பெரியம்மாவுக்கு ஒரு மிக்ஸி வாங்கினார். இரண்டு மாதமாக அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாராம், யாரும் கவனிக்கவில்லை. "இதை வெச்சு நோபல் பரிசே வாங்கலாம், தெரியுமா?" என்று பெரியப்பா ஆரம்பித்தார். "முதல்ல தேங்காயைத் துருவிக் கொடுங்கோ" என்றார் பெரியம்மா.

சி.டி.ஆர்.ஐ. தளத்தில் தேடுவது எப்படி என்று பெரியப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். அது தப்பாகப் போயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபேஜ் என்று அடித்துத் தேடிவிட்டு, 5.40-க்கு போன் செய்கிறார்.

"டேய், எழுந்துட்டியா? பார்த்துட்டேன். இந்த வாரமும் நமக்குத் தபால் இல்லை."